மாசம் 30,000 தர்ற கிளப்பா, காலேஜா? பந்து ஆடற பையன் வீட்டுக் கணக்கு

கேள்வி: பெங்களூர் முர்பி டவுன் அம்மா, 6 ஆகஸ்ட் 2025

என் பையனுக்கு 19 வயசு. பி.காம். ரெண்டாவது வருஷம். கால்பந்துல தடுப்பாட்டம், சென்டர் பேக் ஆடறான். சிட்டியிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துல இருக்கற கிளப் ஒண்ணு மாசம் 30,000 தர்றதா சொல்லுது. பத்து மாச ஒப்பந்தம், தங்கற இடமும் சாப்பாடும் அவங்களோடது. ஆனா காலேஜை விட்டுட்டு வரணுமாம். இவங்க அப்பாவுக்கு பெயிண்டிங் வேலை, மாசம் 18,000 கைக்கு வந்தா பெரிசு. பி.டி. மாஸ்டர் போகாதேங்கிறார். பையன் ரெண்டு நாளா சரியா சாப்பிடல. நாங்க என்ன செய்யறது?

பதில்கள்: அல்சூர் அக்கவுண்ட்ஸ் அக்கா

7 ஆகஸ்ட் 2025

போக வேண்டாம்மா.

காரணம் சொல்றேன். நான் ஒரு அரசு ஃபேக்டரியில 38 வருஷம் அக்கவுண்ட்ஸ்ல இருந்து 2020-ல ரிட்டயர் ஆனவ. எங்க அண்ணன் அதே ஃபேக்டரி டீம்ல லெஃப்ட் விங்கர். 1978-ல, 20 வயசுல, பந்து ஆடறதுக்காகவே வேலைக்கு எடுத்தாங்க. அந்தக் காலத்து பெங்களூர்ல டெலிபோன் ஃபேக்டரி ஐ.டி.ஐ., விமான ஃபேக்டரி எச்.ஏ.எல்., ராணுவத்தோட எம்.இ.ஜி.ன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு டீம். அசோக் நகர் ஸ்டேடியத்துல லீக் மேட்ச்னா எங்க கௌதமபுரத்துல பாதி வீடு பூட்டிக் கிடக்கும். காலையில பிராக்டிஸ், மத்தியானம் வரைக்கும் ஸ்டோர்ஸ் செக்ஷன், சாயங்காலம் திரும்ப கிரவுண்டு. ஆரம்பச் சம்பளம் டி.ஏ. எல்லாம் சேர்த்து 480 ரூபாய்.

1984-ல முட்டி போச்சு. ஒரு மேட்ச்ல திரும்பும்போது சத்தம் கேட்டதுன்னு சொல்லுவார். அப்போ ஸ்கேனும் கிடையாது, கீஹோல் ஆபரேஷனும் கிடையாது, எண்ணெய் தேய்ச்சுக் கட்டுப் போட்டதுதான். பந்து முடிஞ்சது. சம்பளம் முடியல. அதே ஸ்டோர்ஸ்ல இன்னும் 34 வருஷம் இருந்தார். ரெண்டு பொண்ணுங்களைப் படிக்க வெச்சார், கடனில்லாம கல்யாணம் பண்ணினார்.

2018 கடைசியில ரிட்டயர் ஆனப்போ கிராஜுவிட்டி ஷீட்டை நானே போட்டேன். வருஷத்துக்குப் பதினஞ்சு நாள் சம்பளம், 26-ஆல வகுக்கணும். கடைசி பேசிக்கும் டி.ஏ.வும் 62,000. நாற்பது வருஷத்துக்கு 14 லட்சத்து 30 ஆயிரம் சொச்சம். வரம்பு அந்த வருஷம் மார்ச்லதான் 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாச்சு. முன்னாடியே ரிட்டயர் ஆயிருந்தா 10 லட்சத்தோட நின்னிருக்கும்.

இப்ப உங்க பையன் கணக்கு. 30,000 பெருக்கல் பத்து, 3 லட்சம். இந்த மாதிரி ஒப்பந்தத்துல பெரும்பாலும் சம்பளம்னு போட மாட்டாங்க, தொழில்முறைக் கட்டணம்னு போட்டு 10 சதவீதம் வரியை டி.டி.எஸ்.னு முன்னாடியே பிடிப்பாங்க. கைக்கு 2 லட்சத்து 70 ஆயிரம். பன்னிரண்டு மாசத்துக்கு வகுத்தா 22,500. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, கிராஜுவிட்டி இல்லை. 1984-ல எங்க அண்ணனுக்கு ஆனது இவனுக்கு நவம்பர்ல ஆனா டிசம்பர்ல என்ன வரும்? அதைக் கேளுங்க முதல்ல.

இன்னொண்ணு. மூணு நாள் முன்னாடி பெங்களூரு எஃப்.சி.யே முதல் அணி ஆட்டக்காரங்க, ஊழியர்கள் சம்பளத்தைக் காலவரையில்லாம நிறுத்தி வெக்கறதா அறிவிச்சது. நாட்டோட பெரிய கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல். நடக்குமான்னே தெரியாதப்போ கிளப்புங்க எங்கேருந்து தரும்? நாட்டிலேயே மேல இருக்கற கிளப்புக்கே இந்த நிலைமைன்னா கீழே இருக்கறதுங்களை யோசிங்க.

9 ஆகஸ்ட்

480 தப்பு. அண்ணன் வீட்டு டிரங்கு பெட்டியில பே ஸ்லிப் இருந்தது, அண்ணி தேடி எடுத்தாங்க. முதல் மாசம் 512 ரூபாய். அதுல 15 ரூபாய் "விளையாட்டுப் படி"ன்னு தனியா இருக்கு. அந்த வரியை அவர் விரலால தடவிப் பார்த்துக்கிட்டே இருந்தார்.

10 ஆகஸ்ட்

மேல எழுதினதுல இன்னொரு திருத்தம். ஜெயநகர்லேருந்து ஒரு ஆடிட்டர் தம்பி சுட்டிக் காட்டினார், சரிதான். பிடிச்ச 10 சதவீதம் போயே போச்சுன்னு அர்த்தமில்லை. பையனோட மொத்த வருமானம் 3 லட்சம்தான்னா வரியே வராது. ரிட்டர்ன் போட்டா 30,000-மும் திரும்ப வரும். ஆனா நம்ம பக்கத்துப் பசங்கள்ல எத்தனை பேர் ரிட்டர்ன் போடறாங்க? போன வாரம் நாலு பேரைக் கேட்டேன். ஒருத்தனுக்கு பான் கார்டு இருக்கு, எங்க வெச்சான்னு தெரியல. பசங்களைப் பெத்தவங்க யாராவது இதைப் படிச்சா, நம்ம பேர்ல கட்டின வரியைக் காட்டற பாரம் 26 ஏ.எஸ்.ஸை இறக்கி கிளப் பிடிச்ச பணத்தைக் கட்டியிருக்கான்னு பாருங்க. சந்தேகம்னா எனக்கு எழுதுங்க, உட்கார்ந்து போட்டுத் தர்றேன். காசு வேண்டாம்.

24 ஆகஸ்ட்

முர்பி டவுன் தங்கச்சி கேட்டது: "காலேஜ்ல ஆடி என்னக்கா கிடைக்கும்? டி-ஷர்ட்டும் வாழைப்பழமும்தானே?"

டி-ஷர்ட்டுதான். ஆனா ஒரு காகிதமும் கிடைக்கும். மத்திய அரசு ஆபீஸ்கள்ல குரூப் சி வேலைக்கு நேரடியா எடுக்கறப்போ 5 சதவீதம் வரைக்கும் விளையாட்டுக்காரங்களுக்கு எடுத்து வெக்கலாம். யாருக்குத் தகுதி? நாட்டுக்கோ மாநிலத்துக்கோ ஆடினவங்க. அதோட, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில தன் யுனிவர்சிட்டிக்கு ஆடினவங்க. மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபிக்கு மாநிலத்திலேயே இருபது சொச்சம் பேர்தான் போக முடியும். யுனிவர்சிட்டி டீம்னா இந்த ஊர்ல மட்டும் எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க. உங்க பையனுக்கு எட்டற தூரத்துல இருக்கற கதவு அதுதான். காலேஜை விட்டா அது மூடிக்கும்.

ஆடின வருஷமே யுனிவர்சிட்டி விளையாட்டு இயக்குநர்கிட்ட கையெழுத்து வாங்கி வெச்சுக்கணும். பல்கலைக்கழகத்துக்குன்னு மூணாம் நம்பர் படிவம் தனியா இருக்கு. பத்து வருஷம் கழிச்சு அலைஞ்சவங்களை நான் பார்த்திருக்கேன். இயக்குநர் மாறியிருப்பார், ரெஜிஸ்டர் கரையான் அரிச்சிருக்கும்.

2 செப்டம்பர்

டல்லாஸ்ல இருக்கற ஒரு தம்பி அமெரிக்கக் கணக்கு அனுப்பியிருக்கார். 2021 ஜூலை வரைக்கும் அங்க காலேஜ் ஆட்டக்காரன் தன் பேரை வெச்சு ஒரு டாலர் சம்பாதிக்கக் கூடாது. இந்த ஜூன்ல ஒரு வழக்குல சமரசம் முடிவாகி, ஒவ்வொரு காலேஜும் வருஷத்துக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும் ஆட்டக்காரங்களுக்கு நேரடியாப் பங்கு குடுக்கலாம்னு ஆயிருக்கு. நம்ம ரூபாய்ல 180 கோடி கிட்ட. அங்க காலேஜ் மேட்ச்சுக்கு டிக்கெட்டும் டி.வி. காசும் வருது, அதனால பங்கு கேட்டாங்க. இங்க 2022-ல ஜெயின் யுனிவர்சிட்டி நடத்தின கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிக்கு அண்ணனோட போனேன். ஆட்டம் நல்லா இருந்தது. காலரியில ஆட்டக்காரங்களோட சிநேகிதங்கதான் உட்கார்ந்திருந்தாங்க.

மத்திய அரசோட கேலோ இந்தியா திட்டத்துக்குத் தேர்வான பசங்களுக்கு மாசம் 10,000 கைச்செலவுக்கு வருது, பயிற்சிச் செலவு தனி. அது நல்ல திட்டம். தேர்வாகறவங்க கொஞ்சம் பேர்.

14 செப்டம்பர்

அண்ணன்கிட்ட இந்த இழை முழுசையும் படிச்சுக் காட்டினேன். கோவிச்சுக்கிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதறேன்.

"நீ பே ஸ்லிப் பார்த்துப் பேசற. முட்டி போனதுக்கு அப்புறம் 34 வருஷம் நான் என்ன பண்ணேன்? நட்டு எண்ணிக் குடுத்தேன். அந்த வேலையைக் கும்பிடறேன், சோறு போட்டுது. ஆனா அந்தப் பையன்கிட்ட போகாதேன்னு சொல்றதுக்கு நீ யாரு?"

ராத்திரி தூக்கம் வரல.

15 செப்டம்பர்

நான் முதல் பதில்ல விட்டது ஒண்ணு இருக்கு. வேணும்னு விடல, வீட்ல யாரும் பேசறதில்லை, அதனால மறந்தே போச்சு.

1981-ல கல்கத்தாவிலேருந்து ஒரு கிளப் அண்ணனைக் கூப்பிட்டது. நம்ம ஊர்லேருந்து அருமைநாயகம் போய் மோகன் பகானுக்கு ஆடினவர், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கின டீம்ல இருந்தவர். அவருக்குப் பின்னாடி உலகநாதன் போனார். அந்தப் பேருங்களைக் கேட்டு வளர்ந்தவருக்குக் அழைப்பு வந்தா எப்படி இருக்கும்! வந்த ஆள் எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து காபி குடிச்சார். ஃபேக்டரி வேலையை ராஜினாமா பண்ணணும், அதுதான் நிபந்தனை. அம்மா மூணு நாள் அழுதாங்க. அண்ணன் போகல.

அம்மாவோட சேர்ந்து அழுதவ நான். எனக்கு 21 வயசு, வேலை கிடைக்கல, கல்யாணப் பேச்சு நடந்துக்கிட்டிருந்தது. வீட்டுக்கு வந்த ஒரே நிலையான சம்பளம் அண்ணனோடது. அந்த 512-ஐ நம்பி எத்தனை பேர் இருந்தோம்! நிரந்தர வேலையோட விலையை அவர் கட்டினார், பலனை நாங்க எல்லாரும் அனுபவிச்சோம். போக வேண்டாம்மான்னு ஒரே வரியில எழுதினது சரியில்லை. அதை வாபஸ் வாங்கறேன்.

5 அக்டோபர்

"அப்ப ஃபேக்டரி வேலைக்கே போகச் சொல்லுங்களேன்"னு ஓசூர் தம்பி கேட்டிருக்கார்.

எங்க தம்பி இருக்கு? 1990-களுக்கு அப்புறம் எங்க ஃபேக்டரி ஆட்டக்காரன்னு புதுசா ஒருத்தரை நிரந்தரமா எடுத்ததை நான் பார்க்கல. டீமைக் கலைக்கவும் மனசில்லை. வெளியிலேருந்து பசங்களை சீசனுக்குக் கூட்டிட்டு வந்து ஸ்டைபண்டு குடுத்தாங்க. அந்த வவுச்சரை எழுதினது என் டேபிள். நிரந்தர ஆளுக்கு நீளமான ஷீட்: பி.எஃப். நம்பர், இன்கிரிமென்ட், லீவு பாக்கி. ஸ்டைபண்டு பையனுக்குப் பாதி பக்கம்: பேரு, தொகை, ரெவின்யூ ஸ்டாம்ப், கையெழுத்து. ஒரே ஜெர்ஸி போட்டு ஒரே மேட்ச் ஆடினவங்க. அதுல ஒரு கோல்கீப்பருக்குத் தோள்பட்டை விலகி, அடுத்த மாசம் வவுச்சர்ல அவன் பேரு இல்லை. வேற கோல்கீப்பர் பேரு இருந்தது. நான் பாஸ் பண்ணி அனுப்பினேன். அந்தப் பையன் இப்ப சிவாஜி நகர்ல ஆட்டோ ஓட்டறான், பார்த்தா "மேடம்"னு சிரிப்பான். அவன் சிரிக்கறப்போ எனக்குக் கஷ்டமா இருக்கும்.

ஆக, புதுக் கிளப்புங்கதான் பசங்களை ஏமாத்துதுன்னு நான் முதல்ல எழுதின தொனியும் தப்பு. பாதுகாப்பில்லாத சம்பளத்தை ஆரம்பிச்சு வெச்சது எங்க மாதிரி ஃபேக்டரிங்கதான்.

12 அக்டோபர்

கார்ல்டன் சாப்மன் போய் இன்னிக்கு அஞ்சு வருஷம். ஆஸ்டின் டவுன் பையன், இந்தியாவுக்கே கேப்டனா இருந்தவர், 49 வயசுல போனார். டாடா அகாடமி, ஈஸ்ட் பெங்கால், ஜே.சி.டி., எஃப்.சி. கொச்சின்னு ஆடினார். 1996-97-ல முதல் தேசிய லீக்கை ஜெயிச்ச ஜே.சி.டி. டீம்ல இருந்தார்.

அந்தப் பேருங்களை வரிசையாப் பாருங்க. எஃப்.சி. கொச்சின் 1997-ல ஆரம்பிச்சு 2002-ல முடிஞ்சது. மஹிந்திரா யுனைடெட் 2010-ல கலைஞ்சது. ஜே.சி.டி. 2011-ல. நம்ம எச்.ஏ.எல். அப்போதைய தேசிய லீக்கான ஐ-லீக்ல ரெண்டு சீசன் ஆடி 2012-ல இறங்கிப் போனது. 2013-ல பெங்களூரு எஃப்.சி. வந்து முதல் வருஷமே ஐ-லீக் ஜெயிச்சது. அந்த சீசன்ல அதே அசோக் நகர் ஸ்டேடியத்துல அண்ணன் எழுந்து நின்னு கத்தினதை நான் பார்த்தேன். 55 வயசு அப்போ. வேலை குடுத்து ஆட வெச்ச காலம் போய், ஆட்டத்துக்காகவே சம்பளம் குடுக்கற காலம் வந்துடுச்சுன்னு சொன்னார்.

கௌதமபுரத்துக்கு வெளியூர்க்காரங்க வந்தா எங்க தெருமுனையில படம் எடுப்பாங்க. அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா, கூடவே பெலே. 2022 டிசம்பர்ல பெலே இறந்தப்போ எங்க வீட்டுப் பெரியவர் போன மாதிரி மாலை போட்டோம். அந்தச் சிலைக்குப் பக்கத்துல ஆடின பசங்கள்ல எத்தனை பேருக்கு வேலை கிடைச்சதுன்னு அண்ணனும் நானும் உட்கார்ந்து எண்ணினோம். அவரோட ஆடின செட்ல 22 பேரு ஞாபகம் வந்தது. ஃபேக்டரியிலயோ ராணுவத்துலயோ வேலை கிடைச்சது ஏழு பேருக்கு. மத்தவங்க பெயிண்டிங், லோடிங், வெல்டிங். பொற்காலம் மாதிரி நான் எழுதினது அந்த ஏழு பேரோட காலம்.

4 நவம்பர்

முந்தாநாள் நவி மும்பையில நம்ம பொண்ணுங்க கிரிக்கெட் உலகக் கோப்பை ஜெயிச்சாங்க. ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தெருவே முழிச்சிருந்தது. வாரியம் 51 கோடி பரிசு அறிவிச்சிருக்கு. 2005-ல இதே உலகக் கோப்பை இறுதிக்குப் போன டீமுக்கு மேட்ச்சுக்கு 1,000 ரூபாய்தான் கிடைச்சதுன்னு மிதாலி ராஜ் சொல்லியிருக்கார். இருபது வருஷத்துல எங்கேருந்து எங்கே!

இது பந்து இழைதான், தெரியும். ஆனா இவ்வளவு நாள் "பையன், பையன்"னே எழுதிட்டேன். எங்க தெருவுல பன்னிரண்டு வயசு வரைக்கும் நானும் கோல்ல நின்னவ. அண்ணனோட ஷாட்டைத் தடுத்தவ. பாவாடை தாவணி போட்ட அன்னிக்கு அது நின்னது. எந்த ஃபேக்டரியும் பொண்ணுங்க டீமுக்கு ஆள் எடுக்கல, எடுப்பாங்கன்னு யாருக்கும் தோணவும் இல்லை. 2023-ல கால்பந்து சம்மேளனம் பெண்கள் லீக்ல மேல் எட்டுக் கிளப்புங்க ஒவ்வொண்ணும் குறைஞ்சது பத்து இந்தியப் பொண்ணுங்களுக்கு வருஷம் 3 லட்சத்து 20 ஆயிரமாவது குடுக்கணும்னு சொன்னது. மாசத்துக்கு 26,667. முர்பி டவுன் பையனுக்குச் சொன்ன தொகைக்குப் பக்கத்துல வருது. அந்த வருஷம் நம்ம பெங்களூர் கிக்ஸ்டார்ட் இறுதிப் போட்டி வரைக்கும் போச்சு. குறைஞ்சபட்சம்னு ஒரு கோடு போட்டிருக்காங்களே, அதுவே எனக்குப் பெரிசாத் தெரியுது.

9 நவம்பர்

ஐ.எஸ்.எல். உரிமைக்கு டெண்டர் விட்டாங்க, ஒருத்தர் கூடக் கேட்கல. வருஷத்துக்கு 37.5 கோடியாவது குடுக்கணும்னு கேட்டிருந்தாங்க.

எங்க அண்ணன் பேரன் வெளியூர் கிளப் ஒண்ணுல ஆடறான், 23 வயசு. ஆகஸ்ட்லேருந்து சம்பளம் வரல. போன் பண்ணா எடுக்கறாங்க, "லீக் ஆரம்பிக்கட்டும் பார்க்கலாம்"கிறாங்க. பைக் தவணை மாசம் 4,200. ராத்திரியில சாப்பாடு டெலிவரி பண்றான், காலையில ஏரிக்கரையில தனியா ஓடறான், உடம்பு விட்டுடக் கூடாதுன்னு. ஒப்பந்தத்தை வாங்கிப் படிச்சேன். சம்பளம் எவ்வளவுன்னு இருக்கு, எந்தத் தேதிக்குள்ளன்னு இல்லை. காயம்பட்டா வைத்தியம் "நிர்வாகத்தின் விருப்பப்படி". அவன் இந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டப்போ வீட்ல ஒரு அக்கவுண்ட்ஸ் அத்தைப்பாட்டி இருந்தும் என்கிட்ட காட்டல. லட்டு மட்டும் குடுத்தான்.

9 டிசம்பர்

கால்பந்து சம்மேளனத்துக்கு ஐ.எஸ்.எல். நடத்தறவங்ககிட்டேருந்து வருஷம் 50 கோடி வந்துக்கிட்டிருந்த பதினஞ்சு வருஷ ஒப்பந்தம் நேத்தோட முடிஞ்சது. முர்பி டவுன் பையனைக் கூப்பிட்ட கிளப்பும் அவனை ஜனவரிக்கு மேல பார்க்கலாம்னு தள்ளி வெச்சிருக்காம். பையன் காலேஜ்ல தேர்வு எழுதறான். நல்லது.

7 ஜனவரி 2026

ஐ.எஸ்.எல். பிப்ரவரி 14-ல ஆரம்பிக்கும், பதினாலு கிளப்பும் ஆடும்னு நேத்து மத்திய அமைச்சர் சொன்னார். பேரன் போன் பண்ணி அழுதான். சம்பளம் வந்துட்டதான்னு கேட்டேன். இன்னும் இல்லை, ஆனா பிராக்டிஸுக்குக் கூப்பிட்டிருக்காங்களாம். அதுக்கே அழுகை.

18 ஜனவரி

முர்பி டவுன் தங்கச்சி, கிளப் திரும்பக் கூப்பிட்டிருக்குன்னு எழுதியிருக்கீங்க. இப்ப என் பதில்: போகட்டும், ஆனா காலேஜை விடாம. ஆகஸ்ட்ல நான் எழுதினதை ஒதுக்கி வெச்சுட்டு இதைப் படிங்க.

அண்ணனும் நானும் பையனோட போய் அந்த மேனேஜரைப் பார்த்தோம்னு இங்க சொல்லலாம்தானே? மரியாதையாப் பேசினார். முதல்ல, காலேஜ் முடியாதுன்னார். அண்ணன் கேட்டார்: "பையனுக்கு முட்டி போனா உங்க கிளப்புல ஸ்டோர்ஸ் செக்ஷன் இருக்கா சார்?" அவர் பதில் சொல்லல. கொஞ்ச நேரம் அண்ணன் காலைப் பார்த்தார். அப்புறம் பேச்சு நகர்ந்தது. பரீட்சைக்கும் யுனிவர்சிட்டி மேட்ச்சுக்கும் லீவு, ஒத்துக்கிட்டாங்க. மாசம் 7-ஆம் தேதிக்குள்ள சம்பளம், ஒத்துக்கிட்டாங்க. மேட்ச்லயோ பிராக்டிஸ்லயோ அடிபட்டா ஆபரேஷன் செலவும், ஆடாத மாசத்துக்குப் பாதி சம்பளமும்னு கேட்டேன். ஆபரேஷனுக்குச் சரி, எழுத்துல தர்றோம்னாங்க. பாதி சம்பளம் கிடையாதுன்னுட்டாங்க. காலேஜ் நாள்ல காலைப் பிராக்டிஸ் கிடையாது, அதுக்காக மாசம் 30,000 இப்ப 24,000. காயத்துக்குன்னு பையன் பேர்ல ஒரு விபத்துக் காப்பீடு நம்மளே எடுத்துடலாம். ஆனா முதல்ல பாலிசியில விளையாட்டுக் காயம் சேருமான்னு பார்க்கணும், பல பாலிசியில தொழில்முறை ஆட்டத்தை விலக்கி வெச்சிருப்பாங்க. ரெண்டு பாலிசி படிச்சாச்சு, ரெண்டுலயும் விலக்குதான். இன்னும் பார்த்துக்கிட்டிருக்கேன்.

6,000 குறைஞ்சதுல பையனுக்கு வருத்தம். 2023-ல கர்நாடகா 54 வருஷத்துக்கு அப்புறம் சந்தோஷ் டிராபி ஜெயிச்ச கதையை அண்ணன் பஸ்ல வழி நெடுக அவனுக்குச் சொல்லிக்கிட்டு வந்தார். ரியாத்ல மேகாலயாவோட 3-2. கோல் ஒவ்வொண்ணையும் கையால காட்டினார். அல்சூர் வந்ததே தெரியல.

15 பிப்ரவரி

பேரனுக்கு ரெண்டு மாசப் பாக்கி வந்தது. மீதி மாசங்களுக்கு லெட்டர் எழுதிக் குடுத்திருக்கேன், பதிவுத் தபால்ல போயிருக்கு.

முர்பி டவுன் பையனுக்கு முதல் சம்பளம் 9-ஆம் தேதி வந்ததாம். 7 இல்லை, 9. ரெண்டு நாள்தானேன்னு விட வேண்டாம். மரியாதையா ஒரு மெயில் போட்டு வெக்கச் சொல்லுங்க, தேதி பதிவுல இருக்கட்டும்.

தங்கச்சி, போன மாசம் தென்மண்டலப் போட்டியில ஆடினானே, மூணாம் நம்பர் படிவத்துல கையெழுத்து வாங்கியாச்சா? விளையாட்டு இயக்குநர் மார்ச்சோட ரிட்டயர் ஆகிறாராம். செவ்வாய்க்கிழமை அண்ணன் அந்தப் பக்கம் கண் ஆஸ்பத்திரிக்குப் போறார். பையனைப் பத்து மணிக்கு ரெண்டு போட்டோவும் டீம் லிஸ்ட் நகலும் எடுத்துக்கிட்டு கேட்ல நிக்கச் சொல்லுங்க.